ஒன்றரைச் சுற்றும் முக்கால் சுற்றும்

"டீச்சரே, இது காரோ அடுப்போ?"

வண்டிகளைச் சோதிக்கும் ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். காலை பதினொரு மணிக்கும் மலையில் பனி விலகவில்லை. அந்த வெள்ளைப் பனிக்குள் எங்கள் காரின் பின்னாலிருந்து கறுப்புப் புகை குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற சுற்றுலா வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி புகைக்குழாய் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் வாயைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தால் புகை நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

"எங்கூர்ல ஒரு பொட்டுப் புகை இல்லீங்க சார். இந்த மலைப் பெட்ரோல் செரியில்லைங்க," என்றார்.

மலையில் நாங்கள் பெட்ரோலே போடவில்லை. உடுமலையில் போட்டதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் நல்ல மனிதர். "நாலு மணி வரெ ஞான் இவிடெ உண்டு. சரியாக்கிட்டு வரூ," என்றார் மலையாளத்தில். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார். பதிவு இன்றோடு முடிகிறது. ஏற்கெனவே ஒரு தடவை நாள் வாங்கித் தள்ளிப் போட்டாயிற்று. இன்றைக்கும் புகைச் சோதனையில் தேறாவிட்டால் வண்டி கண்டம்தான். கண்டம் என்றால் பழைய இரும்பு.

இப்போது எந்த ஆபீசில் வேண்டுமானாலும் காட்டலாம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. வண்டி பிறந்த ஊரிலேயே காட்டவேண்டும் என்று நம்பி, பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மலை ஏறி வந்திருந்தோம். இருமி இருமித்தான் வந்தது வண்டி.

போன வாரம் என் முதல் நாள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "என்னைப் பத்தி ஒரு வரி கூட இல்லியே டீச்சர்" என்று வீட்டுக்காரர் குறைபட்டார். அதனால் இந்த வாரம் முழுக்க அவர்தான். படித்துவிட்டு என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

கார் ஓட்டத் தெரியாத மெக்கானிக்

அந்தக் காரின் கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். கம்பெனியை மூடி எவ்வளவோ வருஷமாகிறது, இனி யாரைப் போய்க் குறை சொல்வது? வட்டக் கண் இரண்டு வைத்த, வெளுத்துப்போன பச்சை நிறக் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு மானேஜரிடம் அதை வாங்கினார். காலமாகும் முன்பே எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மூத்த பிள்ளையான என் அண்ணன் செல்லையாவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஊரே கேட்டது. காரணம் ரொம்பச் சுலபம். அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இன்றைக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்த மனிதர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, உள்ளே எந்தச் சாமான் எந்த மனநிலையில் இருக்கிறது என்று சொல்வார். ஆனால் ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தால் வேர்த்துக் கொட்டிவிடும். அவர் கை வைத்த வண்டி கீழே போய் எப்படி ஓடுகிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

எனக்கு எருத்தேன்பதியில் தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. மலையில் பிறந்தவள் தென்னந்தோப்புக்கு நடுவே வந்து விழுந்தேன். அங்கேயே கல்யாணமும் ஆனது. வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை. சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார் பாதி அவர் கையால்தான் பிழைத்தது. அவருக்கு எதுவானாலும் ஒரு எண் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு பல்பு எரியவேண்டும். காதால் கேட்டுச் சொல்வதெல்லாம் அவரைப் பொறுத்தவரை ஜோசியம்.

இப்படி ஒருவர் மேலே, ஒருவர் கீழே. நடுவில் நானும் காரும்.

கைவைத்தது யார்?

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் சாமான். அதன் இடுப்பில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். உள்ளே முடுக்கினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் கூடும். முழுக்க முடுக்கிவிட்டு, அதிலிருந்து எத்தனை சுற்று வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் எங்கள் குடும்பச் சண்டையே.

டைமிங் என்பது பிளக்கில் பொறி எப்போது விழவேண்டும் என்ற கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற உருளையை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் திருப்பினால் பொறி முந்தி விழும், அந்தப் பக்கம் திருப்பினால் பிந்தி விழும். இவ்வளவுதான். கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் இதையே பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு லீவுக்கும் மலைக்குப் போவோம். மறுநாள் காலை வீட்டுக்காரர் வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் சத்தமில்லாமல் பானெட்டைத் திறப்பார். ஒன்றரைச் சுற்றில் இருக்கும் ஸ்க்ரூவை முக்கால் சுற்றுக்குக் கொண்டுவருவார். டிஸ்ட்ரிபியூட்டரையும் கொஞ்சம் முந்தி வைப்பார். "பாவம், மாப்ளக்கித் தெரியாம எப்படியோ வச்சு ஓட்டிட்டு வந்துருக்காக" என்று என்னிடம் இரக்கப்படுவார்.

நாங்கள் ஊருக்குத் திரும்புவோம். பாலக்காட்டு வெயிலில் என்ஜின் கடகடவென்று தட்டும், கொதிக்கும். வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்கண்ணன் நோண்டிட்டாருங் டீச்சர்" என்று மறுபடி ஒன்றரைக்குக் கொண்டுபோவார். இது வருஷக்கணக்காக நடந்தது. ஸ்க்ரூவின் தலை தேய்ந்து, கீறலே இல்லாமல் போகிற வரைக்கும் நடந்தது.

கடைசியில் ஒரு நாள் மானம் போயிற்று.

என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். உடன்பிறந்தவராக என் வீட்டுக்காரர் சீர்த்தட்டோடு பால் காய்ச்சும் நேரத்துக்குப் போயிருக்கவேண்டும். முந்தின நாள்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தோம். பாதி வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. தெரிந்தவர் ஒருவருடைய மொபெட்டின் பின்னால், தேங்காய் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பட்டு வேட்டி பறக்க அவர் போய் இறங்கியபோது பாலைக் காய்ச்சி, பொங்கவிட்டு, எல்லாரும் குடித்தும் முடித்திருந்தார்கள்.

பந்தலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டார்: "எல்லாம் எங்க மச்சான் கை வெச்ச வண்டிங்க!"

சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் மலை ஏறிவிட்டது. அண்ணன் எனக்குப் போன் செய்தார். "நான் சரியாக்கி விட்ட வண்டியக் கெடுத்துப்புட்டு என் மேலயே பழி போடுதாகளா? இனி அந்த வண்டி என் வாசலுக்கு வரக்கூடாது." இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டி என்னத்துக்கு, நானே வர்லைன்னு சொல்லு," என்றார்.

இரண்டு வருஷம். நான் மட்டும் பஸ்ஸில் போய் வந்தேன். அந்தக் கார் ஒன்றுதான் என் வீட்டுக்காரரை அந்த மலைக்குக் கொண்டுபோகும் சாக்கு. அதுவும் பழைய இரும்பாகப் போய்விட்டால் இந்த இரண்டு வீம்புக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆய்வாளர் கண்டம் என்று சொன்னபோது நான் நினைத்தது அதைத்தான்.

தம்ளர் தண்ணீர் ஆடவில்லை

பதிவு முடியப்போகிறது என்று தெரிந்ததும், தேய்ந்த கார்புரேட்டரை வீட்டுக்காரர் கழற்றி எறிந்தார். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, அதே மாடல் ஒன்று, பெட்டி பிரிக்காதது, தேடிக்கொண்டு வந்தார். குழந்தையைக் கொண்டு வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வாளையார் வழியாகப் பஸ்ஸில் வந்தார்.

பதினைந்து நாள் வாசலில் வேலை. போனில் யாரோ ஒருவர் இந்தியில் பேசும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அவருக்கு இந்தி தெரியாது. "கையத்தான் பாக்கோணும், வாயைப் பாக்கக்கூடாது," என்றார். ஸ்க்ரூவை முழுக்க முடுக்கி, எண்ணி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். கடைக்காரர் சொன்ன கணக்கு. பொறி விழ வைக்கும் பாயிண்ட் திறக்கும் நொடியில் எரிகிற மாதிரி ஒரு சின்ன பல்பைக் கட்டி, என்ஜின் சக்கரத்தில் உள்ள குறிக்கு நேராக டைமிங்கும் வைத்தார்.

பிறகு ஓடுகிற என்ஜின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். தண்ணீர் ஆடவில்லை. "பாத்தீங்களா? இதுக்கு மேல எந்த மச்சான் வந்து என்ன பண்றது?" என்றார்.

அந்தத் தம்ளர் வண்டிதான் மறையூர் தாண்டியதும் இரும ஆரம்பித்து, இப்போது ஆய்வாளரின் மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தது.

இரண்டு வளைவுக்கு முன்னால்

"அண்ணன் வீட்டுக்குப் போலாமுங்க," என்றேன்.

"செத்தாலும் வர மாட்டேன். நானே செரி பண்றேன்." ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஒன்றரையைத் தொட மனசில்லாமல் வேறு எதையோ திருகினார். புகை இன்னும் கறுத்தது. அரை மணி நேரம் இப்படிப் போனது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். "ஏனுங்க, ஆர்.சி. என் பேர்ல இருக்குது. வர்றதுன்னா ஏறுங்க."

கியர் போட்டு நகர்ந்த பிறகு, ஓடிவந்து ஏறினார். பழந்துணி இன்னும் கையில் இருந்தது.

அண்ணன் வீடு டவுனுக்குக் கொஞ்சம் கீழே. நாங்கள் வாசலில் நின்றபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிற மாதிரி இருந்தார். தாள் தலைகீழாக இருந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் நேராகத்தான் இருந்தது. எங்கள் வண்டி இரண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அவர் தன் மனைவி பாக்கியம் மதினியிடம் சொன்னாராம்: "பெட்ரோல் ஜாஸ்தி. டைமிங் பின்னாடி கெடக்கு. யாரு வச்சதுன்னு கேக்க வேண்டாம். உலைல ஒரு படி கூடப் போடு."

பானெட்டைத் திறந்தோம். வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் வீட்டுக்காரர். நடுவில் நான். மணி பன்னிரண்டே முக்கால்.

"டீச்சர், உங்கண்ணங்கிட்டச் சொல்லு. புது கார்புரேட்டர். ஒண்ணரைச் சுத்து, கடைக்காரன் கணக்கு. அதுல எவனும் கை வெக்கக்கூடாது."

"அண்ணே, அவரு புது கார்புரேட்டர் மாட்டிருக்காரு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லணுமாம்."

"ஒண்ணரையா? அதுக்குப் பெட்ரோல் டேங்குக்குள்ளயே என்ஜினத் தூக்கிப் போட்டுறலாம்லா? மோட்டார்ல கம்பி சுத்துற ஆளுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கான்னு கேளு."

"ஏனுங்க, ஒண்ணரை கொஞ்சம் ஜாஸ்தியோ என்னமோன்னு அண்ணன் நெனைக்கறாரு."

"கிரகப்பிரவேசத்தன்னைக்கு வண்டி நடுரோட்டுல நின்னப்ப அவருக்குக் காது எங்க போச்சுன்னு கேளு."

"அண்ணே, போன தடவை கீழ போனப்ப வண்டி கொஞ்சம் சூடாச்சாம்."

இரண்டு பேருக்கும் நடுவே மூன்றடி தூரம்தான். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும் வரை ஒவ்வொருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். இந்தப் பஞ்சாயத்திலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

ஐந்து விசில்

"சரசு, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. பருப்புக்கு இன்னும் ரெண்டு விசில்தான்," என்று உள்ளேயிருந்து பாக்கியம் மதினி குரல் கொடுத்தார்.

"மூணு ஆச்சே மதினி?"

"உங்க ஊருக்கு மூணு. இங்க அஞ்சு விட்டாத்தான் வேகும். மலைல்லா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏழாம் வகுப்பு அறிவியல். காற்றழுத்தம். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் ஒரு மலை வரைவேன். அடிவாரத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைப்பேன், உச்சியில் தள்ளித் தள்ளி வைப்பேன். புள்ளிதான் காற்று. "உயரே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறையும்" என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். அந்த மலைக்கு என் ஊர்ப் பெயரைத்தான் எழுதுவேன். அதே மலையில் ஏறி இறங்கிய ஒரு காரைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தேனா? பரீட்சைக்கு மட்டும் பாடம் நடத்திய டீச்சருக்கு இது நன்றாக வேண்டும்.

காரின் கதவுக் கண்ணாடியில் பனி ஈரம் படிந்திருந்தது. விரலால் மலை வரைந்து புள்ளி வைத்தேன்.

"ரெண்டு பேரும் இங்க பாருங்க. கீழ காத்து நெருக்கமா இருக்கு. அங்க ஒண்ணரை சரி. அதே ஒண்ணரையோட மேல வந்தா, காத்து கம்மி, பெட்ரோல் மட்டும் அதே அளவு. புகையாம என்ன பண்ணும்? அண்ணன் இங்க வைக்கிற முக்கால் இங்க சரி. அதோட கீழ போனா, காத்து ஜாஸ்தி, பெட்ரோல் பத்தல, பொறியும் முந்தி விழுது. கொதிக்காம என்ன பண்ணும்? ரெண்டு பேரும் வெச்சது சரிதான். வெச்ச எடத்துல மட்டும்."

"இது எனக்குத் தெரியாதா?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

தெரியும்தான். மேலே காற்று குறைவு என்று அண்ணனுக்குத் தெரியும், ஆனால் கீழே போய் ஒரு என்ஜினை அவர் கேட்டதில்லை. கீழே எவ்வளவு என்று இவருக்குத் தெரியும், ஆனால் மேலே வந்தால் வெந்நீரில் குளிக்கப் போய்விடுவார்.

மதினியின் ஸ்க்ரூடிரைவர்

முதலில் டைமிங். அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நூலிழை நூலிழையாகத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார். என்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்காரர் தன் பல்பைக் கட்டிச் சரிபார்த்தார். குறிக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே எரிந்தது.

"புக்குல இப்படி இல்லைன்னு சொல்லு டீச்சர்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தார். "புக்கு எழுதுனவன் மலைல உக்காந்தா எழுதுனான், மாப்ள?"

மாப்ள என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "இல்லீங் மச்சான்," என்றார். "ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருப்பான்."

பருப்பை இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

பேச ஆரம்பித்ததும் நல்ல காலம் வந்துவிடவில்லை. இடையில் ஆள் இல்லாததால் சண்டை இன்னும் வேகமாக நடந்தது. ஸ்க்ரூவை யார் திருகுவது? "உங்க ஸ்க்ரூடிரைவர்தானுங் பழைய ஸ்க்ரூ தலையத் தின்னது," என்றார் இவர். "என்னோடது ஒரு நாளும் வழுக்காது மாப்ள, உங்களோடதுதான் மொட்டை," என்றார் அவர். மணி மூன்றாகிவிட்டது.

பாக்கியம் மதினி வெளியே வந்தார். குக்கர் கைப்பிடி ஆடினால் முடுக்க அவர் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

நான் குனிந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கால் சுற்று உள்ளே. புகை கொஞ்சம் வெளுத்தது. இன்னொரு கால். இரண்டு பக்கமும் இரண்டு தலைகள், மூச்சுவிடாமல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று சுத்தமானது, வாய் கொப்பளித்துத் துப்பியது போல. நான் கையை எடுத்துவிட்டேன். அண்ணன் 'போதும்' என்று கையைத் தூக்கியது அதற்குப் பிறகுதான்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏ சரசு, உனக்கும் காது இருக்குல்லா!"

பேக்டரிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

எண்ணிப் பார்த்தோம். முக்கால் சுற்று. வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

மூன்றே முக்காலுக்குச் சோதனை மைதானத்தில் இருந்தோம். புகைக்குழாயில் கம்பியை விட்டார்கள். மிஷினில் எண் ஏறியது, நின்றது, இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாஸ்" என்றார் மிஷின்காரர். ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து, விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்து, கையெழுத்துப் போட்டார். "இப்போ காராயி," என்றார்.

இறங்கும் வழி

ஒன்றை நாங்கள் மறந்திருந்தோம். வண்டி இனிக் கீழே போகவேண்டும். முக்கால் சுற்றோடு போனால் எருத்தேன்பதி போய்ச் சேர்வதற்குள் மறுபடி மொபெட்டில்தான் போகவேண்டும்.

"எறங்க எறங்கத் தொறந்துக்கிட்டே போகணும்," என்றார் அண்ணன். "எங்க எவ்வளவுன்னு காது வச்சுக் கேட்டாத்தான் தெரியும்."

வீட்டுக்காரர் பழந்துணியை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "அப்ப நீங்களும் வாங்க மச்சான்," என்றார்.

என் மகள் காதுகுத்துக்கு மடியில் உட்கார்த்தி வைத்துக்கொள்ள வந்ததோடு சரி, அண்ணன் என் வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை. மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது. "ஒரு லுங்கி மட்டும் எடுத்துக்கிடுதேன்," என்று உள்ளே போனார். ராத்திரி பயணம் வேண்டாம் என்று மதினி அதட்டியதில், மறுநாள் காலை கிளம்பினோம்.

முன் சீட்டில் இரண்டு பேரும். பின் சீட்டில் நான். மறையூரில் நிறுத்தித் திறந்தார்கள். "ஒரு சுத்து" என்றார் அண்ணன். "ஒண்ணேகால்" என்றார் இவர். கரும்புத் தோட்டத்து ஓரமாக நின்று அரை மணி நேரம் சத்தம். கடைசியில் அண்ணன் ஒரு சுற்றில் வைத்தார், அவர் சிறுநீர் கழிக்கப் போன நேரத்தில் இவர் ஒன்றேகாலுக்கு மாற்றினார். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

எருத்தேன்பதி வாசலில் ஒன்றரைச் சுற்று. டைமிங்கும் பழைய குறிக்கே வந்தது. வீட்டுக்காரர் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து என்ஜின் மேல் வைத்தார். அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். வியர்வை வழிந்தது. "கீழ ஒண்ணரைதான் மாப்ள," என்றார். ஒரு நாளைக்கு வந்தவர் ஐந்து நாள் இருந்தார்.

இப்போது பானெட்டின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட்டில் என் கையெழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மேலே 'அண்ணன் வீடு: முக்கால்'. கீழே 'எங்க ஊடு: ஒண்ணரை'. நடுவில் மறையூர் என்று எழுதிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அது ஒன்றா, ஒன்றேகாலா என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் போனில் சண்டை போடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை. தீர்த்துக்கொள்வதற்காக லீவு நாள் வரக்கூடக் காத்திருப்பதில்லை, நினைத்தால் வண்டியை எடுத்துவிடுகிறார் இவர்.

போன தடவை ஏறும்போது, பஸ்ஸில் மறையூர் வரைக்கும் இறங்கி வந்து காத்திருந்த அண்ணனும் இவருமாக வெல்லம் வாங்கப் போனார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மதினியின் குட்டி ஸ்க்ரூடிரைவர் இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது. பானெட்டைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் சுத்தமானது. ஒரு சுற்றும் இல்லை, ஒன்றேகாலும் இல்லை. எண்ணி மனதில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இதைப் படித்ததும் வீட்டுக்காரர் எத்தனை சுற்று என்று கேட்பார். அண்ணன் போனில் கேட்பார். கேட்கட்டும். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், விடை சொல்வது இனி என் வேலை இல்லை.